சாமிக்காக யூட்டைப் பதித்தவர்

தலைவரே, கலசத்தை வளைத்தது நீங்கள்தான். அண்ணை இல்லை. அவருடைய யூட் வாகனமும் இல்லை. நீங்கள்.

இதை நான் மூன்று வருடம் முந்தியே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் முருகன் சபையின் பொதுக்கூட்டத்தில், எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் இதிலேயே எழுதுவேன். அது எனக்கு வெட்கமான காரணம்தான். ஆனால் மூன்று வருடம் வெட்கப்பட்டது போதும்.

அண்ணையின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் சிட்னியிலிருந்து தொலைபேசி எடுத்து, "என்ன பிள்ளை, என்ர பேரைப் போட்டு நாறடிச்சுப் போட்டீர்" என்று சிரிப்பார். மெல்பேர்னில், கிரான்பர்னில், அவர் எங்களுக்கு எதிர்வீடு. நாங்கள் குடிவந்த நாளில் எங்கள் கட்டில் வாசலுக்குள் நுழையவில்லை. எதிர்வீட்டிலிருந்து சாரத்தோடும் தடித்த வேலைச் சப்பாத்தோடும் ஒருவர் வந்தார். கட்டிலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். எல்லாரும் கட்டில் காலைக் கழற்றச் சொன்னோம். அவர் வாசல்படியைக் கழற்றினார்.

அதுதான் அண்ணை. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் இடித்துக்கொண்டால் உலகத்தில் எல்லாரும் மேலே இருப்பதைத்தான் வெட்டுவார்கள். அவர் கீழே இருப்பதை இறக்குவார். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குப் பதிக்கிறது என்று சொல்லுவோம். "மேல உள்ளதில கை வைக்காதேங்கோ. கீழ உள்ளதைப் பதிப்பம்." இதை அவர் வாயால் நூறு தடவை கேட்டிருப்பேன். எனக்கு எரிச்சல் வரும்.

அவர் வீட்டுக் கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்பேர்ன் குளிருக்குக் கறிவேப்பிலை வெளியே நின்றால் செத்துப்போகும். அதனால் பெரிய சாடியில் வைத்துப் பின்பக்கக் கூரைக்குக் கீழே வளர்த்தார். அது வளர்ந்து கூரையில் முட்டியது.

"நுனியை முறியுங்கோ அண்ணை, நல்லாக் கிளைக்கும்" என்றேன்.

"மேல போறதை ஏன் பிள்ளை முறிப்பான்?"

சாடிக்குக் கீழே இருந்த கல்லை எடுத்தார். அடுத்த வருடம் மறுபடி முட்டியது. சீமெந்துத் தரையை உடைத்துச் சாடியைப் பாதி புதைத்தார். அதற்கடுத்த வருடம் முழுச்சாடியும் நிலத்துக்குள். அவருடைய மனைவி கறிவேப்பிலை ஆயப் போகும்போது, "நான் குழிக்குள்ள போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவா.

மகளின் கல்யாணம் இன்னும் மோசம். மாப்பிள்ளை ஆறடி மூன்றங்குலம். மகள் தாயைப்போல ஐந்தடிக்கும் குறைவு. பின்வளவில் படம் எடுக்கிறார்கள், இரண்டு முகமும் ஒரு சட்டத்துக்குள் வரவில்லை. படக்காரர் பெண்ணுக்கு ஒரு பெட்டி கேட்டார். அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி எடுத்தார். பத்து நிமிடத்தில் மாப்பிள்ளைக்குப் புல்லுக்குள் ஒரு குழி. அந்தப் படம் இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மகள் சிரிக்கிறாள். மாப்பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் சாமி ஊர்வலச் சப்பறம் வந்து சேர்ந்தது.

எங்கள் முருகனுக்கு இன்னும் சொந்தக் கோயில் இல்லை. ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் திருவிழா செய்கிறோம். சாமி முன்பக்கத்திலிருந்து புறப்பட்டு, கார் நிறுத்துமிடத்துக்குள்ளால் பின்பக்கத் திடலுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். பின்பக்கத்தில்தான் நடக்கமாட்டாத வயதானவர்கள் கதிரை போட்டு இருப்பார்கள். நடுவில் மஞ்சள் இரும்புக் கம்பி ஒன்று தலைக்கு மேலே குறுக்கே நிற்கிறது, உயரமான லொறிகள் நுழையாமல். பழைய சப்பறம் சின்னது, தோளில் தூக்கிக்கொண்டு போவோம். நீங்கள் தலைவராக வந்ததும் ஊரிலிருந்து மரத்தால் புதுச் சப்பறம் செய்வித்து எடுப்பித்தீர்கள். மூன்று அடுக்கு, உச்சியில் பித்தளைக் கலசம். அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பியின் உயரத்தை நீங்கள் அளக்கவே இல்லை.

தோளில் தூக்க முடியாத பாரம். கடைசியில் அண்ணையின் யூட்டில் ஏற்றுவது என்று முடிவானது. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் திறந்த தட்டு. அவருடைய மகளைவிட வயது கூடிய வாகனம். ஒரு காலத்தில் வெள்ளை நிறம். ஏற்றி அளந்து பார்த்தால், கலசம் கம்பியைவிட நாலு விரல் உயரம்.

"ஒரு அடுக்கை அறுத்துவிடுவம்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஐயரின் முகம் கறுத்துப்போனது. அண்ணை மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"மேல உள்ளதில கை வைக்காதேங்கோ. நான் யூட்டைப் பதிச்சுத் தாறன்."

திருவிழாவுக்கு மூன்று கிழமை இருந்தது. முதற்சனிக்கிழமை பின்பக்கம். அவர் ஜாக்கால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு முட்டுக்கால் வைத்து, ஒவ்வொன்றையும் சப்பாத்தால் இரண்டு உதை உதைத்துப் பார்த்த பிறகுதான் கீழே போவார். "ஜாக்கை நம்பிக் கீழ போறவன் ஆசுப்பத்திரியில கண் முழிச்சாலே அதிர்ஷ்டம்" என்பார். அன்றைக்கு முழுதும் நான் இரண்டு சப்பாத்தோடுதான் கதைத்தேன். மிச்ச ஆள் வாகனத்துக்குக் கீழே. அச்சுக்குக் கீழே இருக்கும் தட்டையான வில்களுக்கும் அச்சுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையைச் செருகி, அதற்கு ஏற்ற நீளமான புது வளைஆணிகளால் இறுக்கிக் கட்டினார். கட்டையின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு உடம்பு இறங்கும். பழைய ஆணிகளுக்கு வியாழக்கிழமையே எண்ணெய் விட்டு வைத்திருந்தார். அப்படியும் ஒன்று கழலவில்லை. அவர் அதற்குச் சொன்ன வார்த்தைகளைச் சாமி காரியத்தில் எழுதக்கூடாது.

அடுத்த சனி முன்பக்கம். அங்கே வில் இல்லை, முறுக்கிவிட்ட நீளக் கம்பி. அதன் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்துவது, தெருவில் ஒரு ஓட்டம் ஓடி வருவது, அளப்பது, மறுபடி ஒரு சுற்று. பத்துத் தடவையாவது போய் வந்திருப்பார். "அதுக்குப் புது உயரம் பழக வேணும், பிள்ளை. இறக்கின உடனை அளந்தால் அது பொய் சொல்லும்." இரும்பு அளவுநாடாவால் அளந்துவிட்டு, பிறகு விரலை வைத்தும் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் நம்புவார்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற லொறிச் சாரதி, வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "டூ லோ, மேட்" என்றார்.

"நொட் யெட்" என்றது கீழே இருந்து சப்பாத்து.

ஆனால் அவர் நினைத்த அளவுக்கெல்லாம் இறக்கிற ஆள் இல்லை. சட்டம் விடுகிற அளவை அச்சிட்டு டாஷ்போட்டுக்குள் வைத்திருந்தார். இரண்டரை விரல். அதற்கு மேல் ஒரு மயிரளவும் இறக்கமாட்டேன் என்றுவிட்டார். கராஜில் கொண்டுபோய்ச் சில்லின் சாய்வு பார்ப்பித்து, முன் விளக்குகளையும் திருத்தி எடுத்து வந்தார். வேலை சுத்தம். ஆனால் தேவை நாலு விரல்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டு மணியை அடித்தார்.

"பிள்ளை, ஒரு கேள்வி. கோவிக்கக்கூடாது."

"சொல்லுங்கோ அண்ணை."

"நீர் எத்தினை கிலோ?"

"அண்ணை, வீட்டை போங்கோ."

"விளங்காமல் கதைக்காதையும். தட்டில நாலு பேர் இருக்கப்போகினம். ஐயர், உதவி ஐயர், தவில், நாதஸ்வரம். அந்தப் பாரத்துக்கு வில்லு எவ்வளவு இறங்குது எண்டு பாக்க வேணும். ஐயரின்ர எடையில எனக்கு ஒராள் தேவை."

"ஐயர் எத்தினை?"

"கேட்டனான். சந்தோசமாச் சொன்னவர். தொண்ணூற்று நாலு."

"நான் தொண்ணூற்று நாலு எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப நீர்தான் சொன்னீர்."

உள்ளே என் மனிசன் சிரித்த சிரிப்புக்கு அவருக்கு இரண்டு நாள் சோறு கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணை அவரையும்தான் ஏற்றினார், நாதஸ்வரக்காரரின் எடைக்கு. லொறிச் சாரதி தவில். உதவி ஐயருக்கு இரண்டு அரிசி மூட்டையும் ஒரு மா மூட்டையும். சப்பறத்தின் உயரத்துக்கு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றைத் தட்டின் நடுவில் நிமிர்த்திக் கட்டினார். தன் வீட்டுக் கராஜ் வாசலுக்குக் குறுக்கே, மஞ்சள் கம்பியின் உயரத்தில், ஒரு கயிறு.

நான் ஐயரின் இடத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். யூட் முனகிக்கொண்டு கீழே போனது. அண்ணை கயிற்றுக்கும் தும்புத்தடிக்கும் நடுவில் விரலை விட்டார். ஒரு விரல் சுகமாகப் போய் வந்தது.

"ஏறினால் பதியுது, இறங்கினால் எழும்புது" என்று அவர் ஆடினார். உண்மையாகவே ஆடினார், அந்தத் தடித்த சப்பாத்தோடு. "நாலு பேரும் என்ர வில்லுக்கு மிச்சக் கட்டை!" லொறிச் சாரதி மடியில் வாளியை வைத்துத் தவில் அடித்தார். என் மனிசன் அளவுநாடாவை வாயில் வைத்து ஊதினார். எங்கள் தெருவில் அப்படி ஒரு சனிக்கிழமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எடைகளையெல்லாம் ஒரு மட்டையில் எழுதினார், பெயரோடு. நான் பிடுங்கப் போனேன்.

"இந்த எண் இந்த டாஷ்போட்டை விட்டு வெளிய போகாது. சத்தியம்" என்றார். என் தலையில் கை வைத்தார். அவர் தலையிலும் வைத்துக்கொண்டார்.

பதிந்த யூட் கிரான்பர்னில் பெயர் எடுத்துவிட்டது. வீட்டு வாசலில் நேராக ஏறினால் வயிறு உரசும், அதனால் நண்டுபோலப் பக்கவாட்டில் ஏறுவார். ஒருநாள் நான் அவரோடு சாமான் வாங்கப் போனபோது, சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இரண்டு இளந்தாரிகள். நெற்றி நிறைய விபூதியோடு அறுபது வயதுக்காரர் இவ்வளவு பதிந்த யூட்டை ஓட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஏன் இறக்கினீர்கள் என்று ஒருவன் கேட்டான். "கடவுளுக்காக" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "சிக், அங்கிள்!" என்று கத்திவிட்டுப் போனான்.

"என்னவாம், சிக் எண்டால் எனக்கு நோய் வருத்தமாமோ?"

"இல்லை அண்ணை, திறமாம். பெடியள் இப்ப அப்பிடித்தான் புகழுறவை."

அன்று முழுதும் அந்த மனிதருக்குக் கால் நிலத்தில் இல்லை.

இனித் திருவிழா. தலைவரே, நன்றாக ஞாபகப்படுத்திப் பாருங்கள். முதல்நாள் மண்டபக் குசினியில் அண்ணை உங்களிடம் சொன்னார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். "கம்பியைத் தாண்டும்வரைக்கும் தட்டில இருந்து ஒருத்தரும் இறங்கக்கூடாது. இறங்கினால் வாகனம் எழும்பும்." நீங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே, "ஓம் ஓம், விளங்குது" என்றீர்கள். விளங்கவில்லை.

அடுத்த நாள் சாமி புறப்பட்டது. முருகன் உள்ளே, ஐயர்மார் இரண்டு பக்கமும், முன்னால் மேளம். எல்லாரும் தட்டில். அண்ணை நடக்கிற வேகத்தில் ஓட்டி வருகிறார். நீங்கள் கைமைக்கோடு முன்னால். மஞ்சள் கம்பி வந்தது. தட்டில் இருந்தவர்களின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் இன்னொரு ஆள் போகலாம். ஆனாலும் நீங்கள் பதறினீர்கள். மைக்கிலேயே கத்தினீர்கள்: "கம்பி வருது! தலை இடிக்கும்! எல்லாரும் இறங்குங்கோ!"

தலைவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். நாலு பேரும் குதித்தார்கள். யூட் மூச்சு விட்டதுபோல எழும்பியது. அண்ணை சட்டென்று பிரேக்கை அழுத்தினார். அதற்குள் டங் என்றது. கலசம் கம்பியில் கொளுவி, கழுத்து மடிந்து, பின்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

மேளம் நின்றது. ஒரு அன்ரி அழத் தொடங்கினா. அண்ணை இறங்கி வந்தார், மேலே பார்த்தார். கோபப்படவில்லை. ஒருத்தரையும் ஏசவில்லை. தட்டின் பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கோ" என்றார். "ஐயா, ஏறுங்கோ. தவில் அண்ணை, ஏறுங்கோ. இன்னும் மூண்டு பேர் வேணும், பாரமான ஆக்களா!"

நான் ஓடினேன். பட்டுச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அழுதுகொண்டிருந்த அன்ரியும் ஏறினா. அவவை நாலு பேர் தள்ளினார்கள். இன்னொருவர், "நான் போன கிழமை மெலிஞ்சிட்டன், சரிவருமோ?" என்று கேட்டுக்கொண்டு ஏறினார். ஒவ்வொருவர் ஏறவும் யூட் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்தது. கலசம் கம்பியை விட்டது. சனம் முழுக்க அரோகரா என்று கத்தியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏழு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கழுத்து முறிந்த கலசத்தோடு, சாமியோடு கம்பிக்குக் கீழே போனோம். பின்பக்கத்தில் கதிரையில் இருந்த வயதானவர்கள் எழும்பி நின்று கும்பிட்டார்கள். என் வாழ்க்கையில் என் எடை எனக்குப் பெருமையாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

நீங்கள் ஏறவில்லை. மைக்கோடு கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றீர்கள்.

இரண்டு கிழமை கழித்துப் பொதுக்கூட்டம். நீங்கள் அறிக்கை வாசித்தீர்கள். "வீட்டில வைச்சு வாகனத்தில செய்த வேலை பிழைச்சுப்போனபடியால் கலசம் சேதம். இனி இப்படியான விளையாட்டு வேண்டாம்." இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கேட்டார், "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவர் எழும்பினார். கை சட்டைப்பைக்குப் போனது. அந்த மட்டை அங்கே இருந்ததை நான் கண்டேன், அதன் விளிம்பு தெரிந்தது. அதைக் காட்டினால் போதும். யார் எத்தனை கிலோ, ஏறினால் எவ்வளவு இறங்கும், இறங்கினால் எவ்வளவு எழும்பும், எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் என் பெயர் இருந்தது.

என்னை ஒருமுறை பார்த்தார். கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

"கலசத்தை நிமிர்த்தித் தாறன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நானாவது எழும்பியிருக்கலாம். "நான்தான் ஐயரின் எடைக்கு இருந்தனான், அளந்ததைக் கண்ணால பாத்தனான்" என்று சொல்லியிருக்கலாம். இருநூறு பேருக்கு முன்னால் என் எடை. நான் சீலைக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல மனிதனின் வேலைக்குப் பொய்ப்பழி விழும்போது நான் சீலைக்கரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, "ஏன் அண்ணை காட்டேல்லை?" என்று சண்டை பிடித்தேன்.

"சத்தியம் பண்ணினது, பிள்ளை. ஆரோ ஒராள் பதிய வேணும். நான் பதிஞ்சன். அலுவல் முடிஞ்சுது." சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் ஆடவில்லை.

கலசத்தை நிமிர்த்திக் கொடுத்தார். கழுத்தில் ஒரு மடிப்பு இன்னும் தெரியும். அடுத்த வருடம் அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் மண்டபப் பக்கம் வரவுமில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் சிட்னி வெஸ்ட்மீட்டுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மாமரம் ஒன்று தகரக் கூரையில் முட்டுகிறதாம், அண்ணை தரையைக் கிண்டத் தொடங்கிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். அவருக்குக் குழி பழக்கம்தானே.

நீங்கள் இப்போது வாடகை லொறி பிடிக்கிறீர்கள். அது மஞ்சள் கம்பிக்குக் கிட்டவும் போகாது. அதனால் சாமி முன்பக்கத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறது. பின்பக்கத்துக் கதிரைகளில் இருப்பவர்கள் மேளச் சத்தத்தை மட்டும் கும்பிடுகிறார்கள்.

யூட் என்னிடம் இருக்கிறது. போகும்போது திறப்புச் சாவியைக் கையில் தந்துவிட்டுப் போனார். இன்னும் அதே உயரம்தான். நானும் நண்டுபோலத்தான் வீட்டுக்குள் ஏறுகிறேன். போன கிழமை டாஷ்போட்டைத் துடைக்கத் திறந்தேன். மட்டை அங்கே கிடந்தது. ஒருநாள் அவர் சட்டைப்பைவரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது; ஆனால் சொன்ன சொல்லுப்படியே, எண் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இப்போது நானே வெளியே எடுக்கிறேன். முதல் வரி: என் பெயர், தொண்ணூற்று நாலு கிலோ. வாசித்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தலைவரே, வருகிற பொதுக்கூட்டத்துக்கு நான் யூட்டில்தான் வருவேன். மஞ்சள் கம்பிக்குக் கீழே நிறுத்தி, தும்புத்தடியை நிமிர்த்திக் கட்டுவேன். ஐயரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், இப்போது தொண்ணூற்று ஏழாம், சந்தோசமாகத்தான் சொன்னார். நாலு பேர் ஏறுவோம், எல்லாரும் பார்க்கட்டும். நாலு பேரும் இறங்குவோம், அதையும் பார்க்கட்டும். பிறகு உள்ளே வந்து, அன்றைக்குப் பிடித்த அதே மைக்கைப் பிடித்து, அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அண்ணை சிட்னியில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் எண்ணை நான் சொல்லிவிட்டேன். "எல்லாரும் இறங்குங்கோ" என்று சொன்னது யார்?